வைத்தியர்க்கு உரன் தருவன யாவை?

நம் கல்லூரி அன்னையின் பிள்ளைகள் பல துறைகளிற் புகுந்து பெயர் நாட்டியுள்ளனர். அவருள்ளும் வைத்தியத் துறையிற் சென்றாரை எண்ணிப் பெருமை கொள்ளுதல் எம்மவர்க்குத் தனியொரு வழக்கம். க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில், எத்தனை பேர் வைத்திய பீடத்துக்குத் தெரிவாயினர் என்பதே ஊரார் முதலிற் கேட்கும் வினா. ஒருவன் அப்பீடத்துட் புகுந்துவிட்டால் அவன் வாழ்வு கரையேறிற்று என்று பெற்றோரும் உற்றாரும் மனநிறைவு எய்துவர். உண்மையில் அவன் கடலில் இறங்குவதே அன்றுதான் என்பதை உணர்வார் சிலர்.

பிணி, நோவு, சாவு என்பவற்றை நாமெல்லாம் வாழ்நாளிற் சில முறையே நேரிற் காண்கின்றோம். வைத்தியரோ நாள்தோறும் காண்கின்றார். கண்டபின் வீடு சென்று உண்டு உறங்கி, மறுநாட் காலையில் மலர்ந்த முகத்தோடு மீண்டும் நோயாளர் விடுதிக்கு வருகின்றார். ஓராண்டன்று, ஈராண்டன்று, முப்பது நாற்பது ஆண்டுகள் இங்ஙனம் செல்கின்றன. அவர் உள்ளம் உடையாது நிற்பது எதனால்? உடைந்தவர் உடைந்தது எதனால்? இவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் வைத்தியரல்லேம், தமிழ் கற்பிக்கும் ஆசிரியரேம். எனினும் நாளைய வைத்தியர் வைத்திய பீடத்துக்குச் செல்லுமுன் பதின்மூன்று ஆண்டுகள் எம்போன்ற ஆசிரியர் கையிலேயே வளர்கின்றனர். அவர்தம் உள்ளத்தின் உரத்துக்கோ மென்மைக்கோ எமக்கும் பங்குண்டு. ஆதலின் இப்பொருள் பற்றி எழுதுதல் எமக்கு உரியதே எனத் துணிந்தோம்.

உரன் என்பது யாது?

உரன் என்னும் சொல்லுக்கு வலிமை என்றும் அறிவு என்றும் நம் முன்னோர் பொருள் கொண்டனர். இரண்டும் ஒருங்கே இங்குப் பொருந்தும். துன்பம் வந்துழித் தளராதிருத்தல் அன்று நாம் கருதும் உரன். தளர்ந்தும் மீண்டெழுதலே உரன். வளையாத மரம் புயலில் முறியும். வளைந்து நிமிர்வது பிழைக்கும்.

வைத்தியர் என்றால் கல்நெஞ்சு வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். குருதியைக் கண்டு கலங்காமையும் கத்தியைப் பிடிக்கையிற் கைநடுங்காமையும் வேண்டுவனவே. 1889 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஒஸ்லர் என்னும் பேராசிரியர், பட்டம் பெற்று வெளியேறும் வைத்தியர்க்கு ஆற்றிய உரை பெயர் பெற்றது. மனச்சமநிலையே வைத்தியரின் முதற்பண்பு என அவர் வற்புறுத்தினார். அதே உரையில், அச்சமநிலை நெஞ்சை வன்மையாக்கிவிடலாகாது என்றும் எச்சரித்தார். பின்வந்தோர் முதற்பாதியை நினைவிற் கொண்ட அளவுக்கு மற்றைப் பாதியை நினைவிற் கொண்டிலர்.

கல்நெஞ்சு உரனுக்கு அடையாளமன்று. நோய்க்கு அடையாளம் என்று இக்கால ஆய்வு காட்டுகின்றது. கிறிஸ்தினா மஸ்லாக் என்னும் அமெரிக்க உளவியலாளர், பிறர்க்கு உதவுந் தொழில் செய்வோர் மனம் சோர்ந்து எரிந்து தீர்தலை ஆராய்ந்து, 1981 ஆம் ஆண்டில் அதனை அளக்கும் கருவியொன்றைத் தம் உடனாய்வாளரோடு வெளியிட்டார். அச்சோர்வுக்கு மூன்று குறிகள் கூறப்பட்டன. உள்ளம் வற்றிப்போதல் ஒன்று. எதிரே இருப்பவரை மனிதராக மதியாது ஒரு பொருளாகக் கருதத் தொடங்குதல் இரண்டாவது. தாம் செய்யும் வேலையாற் பயனில்லை என்ற எண்ணம் மூன்றாவது. பத்தாம் கட்டிலிற் கிடப்பவரை அவர் பெயராற் கூறாது ‘பத்தாம் இலக்கம்’ என்று மட்டும் கூறும் வைத்தியரை நாம் கல்நெஞ்சர் என்போம். அவர் ஒருகால் களைத்துப்போன மென்னெஞ்சராக இருத்தல் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பு அட்டவணையில் இச்சோர்வும் இடம்பெற்றது. அங்கு அது ஒரு நோயாகக் கொள்ளப்படவில்லை. நெடுநாள் தொடர்ந்த வேலைக்கள நெருக்கடி சீர்செய்யப்படாமையின் விளைவு என்றே கொள்ளப்பட்டது. ‘வேலைக்களம்’ என்ற சொல்லை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் அதற்கு வருவோம்.

வைத்தியரை வருத்துவன

வைத்தியரை வருத்துவனவற்றுள் சாவு ஒன்று. ஆயின் சாவு மட்டுமே பெரிதன்று என்று அனுபவமுள்ள வைத்தியர் கூறுவர். தம்மாலியன்றதைச் செய்தும் பிழையாத நோயாளரை அவர் வருத்தத்தோடு வழியனுப்புகின்றார். தாம் வேறொன்று செய்திருந்தாற் பிழைத்திருப்பாரோ என்னும் ஐயமே அவர் நெஞ்சை அறுக்கின்றது.

இதற்கு வைத்திய வரலாற்றில் நெஞ்சுருக்கும் சான்று ஒன்றுண்டு. ஜேர்மனியின் கீல் நகரில் மகப்பேற்று வைத்தியத்திற் புகழ்பெற்று விளங்கியவர் குஸ்தாவ் மிக்கேலிஸ். மகப்பேற்றுக் காய்ச்சலால் அக்காலத்தில் எண்ணிறந்த தாய்மார் மாண்டனர். அக்காய்ச்சலை வைத்தியரே தங் கழுவாத கைகளாற் கொண்டு செல்கின்றனர் என்ற செய்தி வியன்னாவிலிருந்து வந்தபோது, அதனை ஏற்றுக்கொண்ட மிகச்சிலருள் அவரும் ஒருவர். தம் மருத்துவமனையிற் கைகழுவும் முறையை உடனே புகுத்தினார், சாவு குறைந்தது. அவர் உள்ளமோ அமைதி பெறவில்லை. அவருடைய உறவுப் பெண்ணொருத்தி, அவர் கையிலேயே மகவீன்று, அக்காய்ச்சலால் முன்னரே இறந்திருந்தாள். தங் கையே அவளைக் கொன்றது என்ற எண்ணம் அவரை விட்டகலவில்லை. 1848 ஆம் ஆண்டில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உண்மையை ஏற்கும் நேர்மை அவரிடம் இருந்தது. அவ்வுண்மையின் சுமையை உடன் தாங்குவார் எவரும் இருந்திலர்.

அமெரிக்க வைத்தியராகிய அல்பேர்ட் வூ என்பார் 2000 ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரையொன்றில், வைத்தியப் பிழையால் முதலில் அடிபடுபவர் நோயாளர் என்றும், இரண்டாவதாக அடிபடுபவர் அப்பிழை நேர்ந்த வைத்தியர் என்றும் எடுத்துக்காட்டினார். நோயாளர்க்கு இழைந்த தீங்கை மறைக்க எழுந்த வாதமன்று அது. அடிபட்ட வைத்தியரைத் தனியே விட்டுவிட்டால், அடுத்த நோயாளரும் இடருக்கு ஆளாவர் என்பதே அதன் உட்கிடை.

பிறவற்றைச் சுருங்கக் கூறுவோம். உறக்கமின்மை, மருந்தும் கருவியும் போதாமை, நோயாளரின் உறவினர் கொள்ளும் சினம், எழுத்து வேலையின் பெருக்கம், தங் குடும்பத்தைக் கவனிக்க நேரமின்மை என்பன ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து சுமையாகின்றன. ஒற்றைத் துன்பத்தைத் தாங்கும் உள்ளம் இவை யாவும் ஒருங்கே வரும்போது தளர்தல் இயல்பே.

1847 ஆம் ஆண்டும் இரு வைத்தியரும்

உரன் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிய, ஒரே ஆண்டில் தத்தம் பெரும்பணியைத் தொடங்கிய இருவரை ஒப்புநோக்குதல் நன்று. ஒருவர் வியன்னாவில் இருந்தார். மற்றவர் நம் யாழ்ப்பாணத்துக்கே வந்தார்.

முன்னவர் இக்னாஸ் செம்மெல்வைஸ். 1818 இல் ஹங்கேரியின் புடா நகரிற் பிறந்த இவர், வியன்னாப் பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவிற் பணியாற்றினார். அங்கு இரு விடுதிகள் இருந்தன. மருத்துவிச்சியர் பயிலும் விடுதியிலும் பார்க்க, வைத்திய மாணவர் பயிலும் விடுதியிற் பன்மடங்கு தாய்மார் இறந்தனர். 1847 இல் அவருடைய நண்பரான வைத்தியரொருவர், பிணப்பரிசோதனையின்போது விரலில் வெட்டுண்டு, அதே காய்ச்சலை ஒத்த நோயால் இறந்தார். பிணத்தைத் தொட்ட கைகள் பிள்ளைப்பேற்று விடுதிக்கு நஞ்சைக் கொண்டு செல்கின்றன என்று செம்மெல்வைஸ் உடனே உணர்ந்தார். குளோரின் கலந்த சுண்ணக் கரைசலிற் கைகழுவுமாறு பணித்தார். ஏப்பிரில் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது.

இத்துணைப் பெரிய உண்மையைக் கண்டவர்க்குக் கிடைத்தது புகழன்று. மூத்த வைத்தியர் பலர் அதனை ஏற்கவில்லை. அவருடைய பதவியும் நீடிக்கப்படவில்லை. அவர்க்குத் துணை நின்ற பெரியார் சிலர் வியன்னாவில் இருந்தனர் என்பதும் மறக்கற்பாலதன்று. 1850 இல் அந்நண்பரிடத்தும் விடைபெறாது அவர் அந்நகரை விட்டுப் பெஸ்ற் நகருக்குச் சென்றுவிட்டார். தங் கண்டுபிடிப்பை நூலாக வெளியிடப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1861 இல் வெளிவந்த அந்நூலில், தம் அறியாமைக் காலத்தில் தங் கையால் இறந்த தாய்மாரைப் பற்றிய வேதனையை அவர் மறைக்கவில்லை. பின்னர் எதிர்ப்பாளரைக் கொலைஞர் எனப் பழித்துப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865 இல் மனநோய் மருத்துவமனையொன்றிற் சேர்க்கப்பட்டு, இரு வாரங்களுள், நாற்பத்தேழாம் வயதில் இறந்தார். மூளையைப் பற்றிய நோயும் அவரைத் தாக்கியிருத்தல் கூடுமென ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆதலின் அனைத்தையும் மனத்துயர்மேற் சுமத்துதல் பொருந்தாது. ஆயினும் அவருடைய கடைசிப் பதினைந்து ஆண்டுகள், தனிமை ஒருவரை எவ்வாறு அரிக்கும் என்பதற்குச் சான்றாகவே நிற்கின்றன.

பின்னவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரிற் பிறந்தவர். 1847 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இருபத்தைந்து வயது இளைஞராக, அமெரிக்க மிசனின் வைத்தியராய் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருடைய சமய நோக்கம் வேறு. சைவத்தைப் பேண எழுந்த கல்லூரியொன்றின் மலரில் அதனை நாம் பாராட்ட வேண்டுவதில்லை. அவர் செய்த வைத்தியப் பணியும் தமிழ்ப் பணியும் நன்றியோடு நினைக்கற்பாலன.

வாந்திபேதி மீண்டும் மீண்டும் பரவிய காலம் அது. தொலைவிலுள்ள தாயகத்துக்குக் கடிதம் போய்ச்சேரவே மாதங்கள் செல்லும். இத்தகைய நிலையில் தனி வைத்தியரொருவர் தளர்ந்துபோதல் எளிது. கிறீன் செய்தது யாது? வந்த மறு ஆண்டிலேயே, 1848 இல், தமிழ் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாய் அவருடைய பணிக்களமாயிற்று. மாணவர் அவருடனிருந்து நோயாளரைப் பார்த்தனர், மருந்து கலந்தனர், சத்திர சிகிச்சையில் உதவினர். தம் பணிக்காலத்தில் அறுபதுக்கு மேற்பட்டோரை அவர் இவ்வாறு உருவாக்கினார்.

ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்தபின் அவர் தாயகஞ் சென்றார். மணம் முடித்து 1862 இல் மீண்டு வந்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்வதைக் கண்டு, தமிழிற் கற்றவரே தம்மூர் மக்களிடை நிலைப்பர் எனத் துணிந்து, பாடங்களைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, சத்திர வைத்தியம், மகப்பேற்று வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்பன அவற்றுட் சில. 1873 இல் இந்நாட்டை விட்டுச் சென்ற பின்னரும், 1884 இல் இறக்குங்காறும், தமிழ் வைத்திய நூல் வேலையை அவர் கைவிட்டிலர். மானிப்பாயில் அவர் பெயரால் விளங்கும் வைத்தியசாலை இன்றும் அவரை நினைவூட்டுகின்றது.

இவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையாகாது. செம்மெல்வைஸ் தம் துறையின் மேலோரை எதிர்த்து நிற்க நேர்ந்தது. கிறீனுக்கு அவ்விடர் இல்லை. அறிவிலும் அருளிலும் எவர் மிக்கார் என்பதும் நம் வினாவன்று. இருவரும் இறக்கும் மக்களிடையே நின்றனர். ஒருவரைச் சுற்றி இருந்த வட்டம் ஆண்டுதோறும் சுருங்கிற்று. மற்றவரைச் சுற்றி இருந்த வட்டம் ஆண்டுதோறும் விரிந்தது. தம் அறிவைக் கைமாற்றிக் கொடுத்தவர்க்குத் தஞ் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் தோள்களும் கிடைத்தன. உரன் பிறப்பாலே மட்டும் அமைவதன்று, கூட்டத்தால் வளர்வது என்பதே யாம் இவ்வரலாற்றாற் கொள்ளும் பாடம்.

உரனை வளர்ப்பன

முதலாவது, நல்லாசான். இளம் வைத்தியர் நோயாளரின் முதற்சாவைக் காணும் நாளில், மூத்த வைத்தியர் அவர் பக்கத்தில் நின்று, ‘தம்பி, நீர் செய்ய வேண்டியதைச் செய்தீர், இனி உறவினரிடம் நாம் இருவரும் போவோம்’ என்று கூறுவாராயின், அச்சொல் ஒரு நூலினும் பெரிது. மாறாக, பிறர் முன்னிலையில் அவரை இகழ்வாராயின், அவர் கற்பது பிழையைத் திருத்துதலை அன்று, பிழையை மறைத்தலையே.

இரண்டாவது, உடனுழைப்போர். செம்மெல்வைஸ் பிறந்த அதே நகரில், 1896 இற் பிறந்தவர் மைக்கல் பாலிந்து என்னும் உளவைத்தியர். இவர் இலண்டனிற் குடியேறி, 1950 களில், குடும்ப வைத்தியர் சிலரைத் தம் மனைவியாரோடு வாரந்தோறும் கூட்டினார். ஒவ்வொருவரும் தம்மை அலைக்கழிக்கும் நோயாளரொருவரைப் பற்றிக் கூறுவர், ஏனையோர் கேட்பர். நோயைப் பற்றி மட்டும் அன்றி, அந்நோயாளர் தம் உள்ளத்தில் எழுப்பும் சினம், அச்சம், இரக்கம் என்பன பற்றியும் பேசுவர். அத்தகைய குழுக்கள் அவர் பெயரால் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. தேநீர் வேளையில் இருவர் மனந்திறந்து பேசுவதும் இதன் சிறு வடிவமே.

மூன்றாவது, ஓய்வு. இதனைச் சிறியதென எண்ணுவோர் பலர். ஒருவர் பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், மதுவருந்தியவரைப் போல அவர் செயற்றிறன் குன்றும் என 1997 இல் ஆத்திரேலிய ஆய்வாளர் காட்டினர். மதுவருந்திய வைத்தியரிடம் எவரும் தம் பிள்ளையைக் கொடுக்கார். இரவு முழுதும் உறங்காத வைத்தியரிடமோ தயங்காது கொடுக்கின்றோம். 1984 இல் நியூயோர்க் நகரில் பதினெட்டு வயது மாணவியொருத்தி மருத்துவமனையில் இறந்ததன்பின் எழுந்த விசாரணையின் பயனாக, பயிற்சி வைத்தியர் வாரத்துக்கு 80 மணிக்கு மேல் வேலைசெய்யலாகாது என அம்மாநிலம் 1989 இல் விதித்தது. 2003 இல் அவ்வரம்பு அமெரிக்கா முழுதும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி சராசரி 48 மணி என வரையறுக்கின்றது. உறக்கமின்றி உரன் இல்லை.

நான்காவது, தம் வேலையின் பொருளை உணர்தல். பிணி தீர்ந்தவர் புன்முறுவல் பெரிய ஊதியம். அதனைக் காண நேரம் வேண்டும். ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய வைத்தியர்க்கு ஒருவர் முகத்தையும் முழுதாய்ப் பார்க்க இயலாது. வேலைப் பளு பெருகுந்தோறும் வேலையின் பொருள் கண்ணுக்கு மறைகின்றது.

வள்ளுவர் வைத்த முறை

‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் எங்கு வைத்தார் என்பது சிந்தித்தற்குரியது. அதனைத் துறவியர்க்கு உரிய பகுதியில் வைத்திலர். பொருட்பாலில், அரசியலின் இறுதியில், அறுபத்து மூன்றாம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னரே ‘பெரியாரைத் துணைக்கோடல்’, ‘சுற்றந்தழால்’ என்பவற்றைக் கூறி முடித்துவிட்டார். துணையும் சுற்றமும் தேடிக்கொண்டவர்க்கே துன்பத்தில் அழியாமை கைகூடும் என்னும் குறிப்பை இம்முறைவைப்பிற் காணலாம்.

‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவிலோ, நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார். வைத்தியர் நான்கில் ஒருவரே. நான்கின் பாரத்தையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, ‘உமக்கு உரன் போதாது’ என்று அவரைக் குறைகூறுதல் முறையன்று. தாதியரும் மருந்தாளரும் சிற்றூழியரும் மதிக்கப்படும் வைத்தியசாலையில் வைத்தியரின் சுமையும் குறைகின்றது.

இங்கு நிருவாகத்தாரின் கடன் புலப்படும். வைத்தியர்க்கு மூச்சுப்பயிற்சியும் மன அமைதிப் பயிற்சியும் கற்பித்தல் நன்றே. ஆயின் ஆளணியை நிரப்பாது, மருந்தைத் தருவியாது, உறங்க ஓர் அறையும் கொடாது, பயிற்சி வகுப்பு மட்டும் நடத்துதல், ஓட்டைத் தோணியில் இருப்பவர்க்கு நீச்சல் பற்றி உபதேசிப்பது போலாகும். சோர்வு வேலைக்களத்தின் விளைவு என உலக சுகாதார நிறுவனம் கூறியதன் பொருள் இதுவே.

வைத்தியர் தாமும் ஒரு கடனை ஏற்றுக்கொண்டுள்ளனர். 1948 இல் உலக வைத்திய சங்கம் ஜெனீவாவில் வகுத்த உறுதிமொழி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நோயாளர் நலனையே பேசிற்று. 2017 இல் அது திருத்தப்பட்டபோது, சிறந்த வைத்தியம் செய்தற்பொருட்டுத் தம் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவேன் என்னும் வாசகமும் புகுந்தது. தம்மைப் பேணுதல் தன்னலமன்று, கடமையே என்பது இப்போது அவர்தம் உறுதிமொழியிலேயே உளது.

நம் மண்ணில்

இவ்வுரனுக்கு நம் மண் தந்த சோதனை சிறிதன்று. 1978 இற் றோன்றிய யாழ்ப்பாண வைத்திய பீடம் தன் இளமையையெல்லாம் போரின் நடுவிற் கழித்தது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆந் திகதிகளில் யாழ்ப்பாண வைத்தியசாலையின் உள்ளேயே வைத்தியர், தாதியர், ஊழியர், நோயாளர் எனப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் அதே கூடங்களுக்கு மீண்டும் வந்து கடமை புரிந்தனர். தொண்ணூறுகளில் மின்சாரமின்றியும் மருந்துத் தட்டுப்பாட்டிடையும் நோயாளரைக் காத்தனர். அவர்கள் வீடும் குண்டுக்கு இலக்கானதே; அவர்கள் பிள்ளைகளும் பதுங்குகுழியில் உறங்கியவரே.

அவர்களைப் புகழும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘எல்லாவற்றையும் தாங்கினார்கள்’ என்று சொல்லிவிட்டு, அவர்கள் உள்ளத்துப் புண்ணைக் கேளாதுவிடுதல் நன்றியாகாது. போர் மக்கள் மனத்தில் விட்ட வடுக்களை உளவைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் 1998 ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்தார். தனியாளின் மனம் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே புண்படுகின்றன என்றும், குடும்பமும் ஊரும் சேர்ந்தே ஆற வேண்டும் என்றும் அவர் பின்னர் எழுதினார். அக்கூற்று மருந்து கொடுத்தவர்க்கும் பொருந்தும்.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் அரிதாயின. வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். சென்றவரைப் பழித்தல் எம் கருத்தன்று. ஒருவர் செல்லுந்தோறும் நின்றவர் சுமை ஏறுகின்றது என்பதை மட்டும் நாட்டை நடத்துவோர் உணர்தல் வேண்டும்.

கல்லூரியும் பெற்றோரும் செய்யத்தக்கன

இனி எம் பங்குக்கு வருவோம். வைத்திய பீடத்துக்குச் செல்லும் மாணவர் பெரும்பாலும் எந்த வகுப்பிலும் தோல்வியை அறியாதவர். முதலாம் பிள்ளை என்றே அவர்க்குப் பெயர். பிழைவிடலாகாது என்பதும், தெரியாது என்று சொல்லலாகாது என்பதும், பிறரிடம் உதவி கேட்பது இழிவு என்பதும் நம்மையறியாமலே நாம் அவர்க்கு ஊட்டும் பாடங்கள். இம்மூன்றும் பரீட்சை மண்டபத்துக்கு உதவலாம். நோயாளர் விடுதியில் மூன்றும் இடர் விளைப்பன. அங்கு முதன்முறையாகத் தோல்வியைச் சந்திக்கும் இருபத்தைந்து வயது இளைஞர்க்கு அதனைத் தாங்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

ஆதலின் ஆசிரியர், மாணவர் தெரியாததைத் தெரியாது என்று கூறும்போது அதனைப் பாராட்டுக. விளையாட்டுக் களத்துக்குப் பிள்ளையை அனுப்புதல் வீண்பொழுது என்று பெற்றோர் எண்ணாதொழிக. தோற்ற அணியோடு கைகுலுக்கவும், தோற்றபின் மறுநாட் பயிற்சிக்கு வரவும் கற்பிக்கும் வகுப்பறை அதுவே. சாரணியமும் நாடகமும் கூட்டுப் பாடலும் ஒருவர் சுமையை மற்றவர் தாங்கப் பழக்குவன. வைத்தியராதலில் விருப்பமில்லாத பிள்ளையை ஊர்ப்பெருமைக்காக அத்துறையில் தள்ளாதிருத்தல் இவை யாவற்றினும் தலையாயது. தாமே விரும்பி ஏற்ற பாரத்தை ஒருவர் சுமப்பார். பிறர் ஏற்றிய பாரத்தின்கீழ் நாளடைவில் மடிவார்.

பழைய மாணவராகிய வைத்திய நண்பர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. எம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் சிலர் உங்கள் துறைக்கு வருகின்றனர். உதவிநிதியும் கேடயமும் நீங்கள் தருவதை நன்றியோடு ஏற்கின்றோம். அவற்றோடு, புதிதாய்ப் புகும் தம்பியர் ஒவ்வொருவர்க்கும் மூத்தவர் ஒருவர் துணையாய் நிற்கும் வழக்கத்தை நம் பழைய மாணவர் சங்கம் தொடங்குதல் ஆகாதா? உள்ளகப் பயிற்சிக் காலத்தில், நள்ளிரவிலும் தயங்காது அழைத்துப் பேசத்தக்க ஓர் அண்ணர் உளர் என்னும் நினைவே பலரைக் காக்கும். செலவில்லாத இவ்வறத்துக்கு இவ்விழா ஆண்டினும் ஏற்ற காலம் வேறில்லை.

கல்லூரி மலர்களில் வைத்தியராயினார் பெயர்களை அச்சிட்டு மகிழ்கின்றோம். பெயர்க்குப் பின்னே ஓர் உள்ளம் உளது என்பதையும் நினைவோமாக. பிறர் உயிர் காக்கும் அவ்வுள்ளத்தைக் காத்தல் பெற்றோர், ஆசிரியர், நிருவாகத்தார், நோயாளர் ஆகிய எல்லார்க்கும் கடன். அக்கடனை நாம் ஆற்றுவோமாயின், உரன் என்பது வைத்தியரிடம் தானே தழைக்கும்.